அரசூர்வெளிக்கு நேரே ஒரு சைபர்

எங்கள் ரெத்தினம் சித்தப்பாவைக் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் சொந்தக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். குடிக்க மாட்டார், வம்பு இழுக்க மாட்டார், மொய்யில் குறை வைக்க மாட்டார். ஆனால் பந்தியில் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும் சரி, ரசம் வருவதற்குள், "நான் ஒரு பொம்பளப் புள்ளய சாக விட்டவன்ங்க" என்று ஆரம்பித்துவிடுவார். சம்பந்தி வீட்டார் கையில் சோற்றோடு முழிப்பார்கள். என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் இப்படிச் சொல்லப் போக, அந்த மனுஷர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து என் அப்பாவிடம், "உங்க தம்பி மேல கேஸ் எதுவும் இருக்குதுங்களா?" என்று காதோடு விசாரித்தார்.

குற்ற உணர்ச்சி உள்ளவன் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் கிடப்பான் என்று நினைக்கிறோம். சித்தப்பா அதை ஊர் ஊராகச் சுமந்து போய் இறக்கினார். இறக்கிய இடத்திலிருந்து மறுபடி தூக்கிக்கொண்டும் வந்தார். எனக்கு ரொம்ப நாள் இதில் எரிச்சல். சொல்லிச் சொல்லியே நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறேன். முகத்துக்கு நேரேயும் கேட்டிருக்கிறேன். "இருக்கும்மா, அதுவும் இருக்கும்" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு சண்டை போட்டு என்ன பிரயோசனம்?

கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த வருஷம் கூத்தே நடந்தது. குறுவை நடவு நேரம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம். அப்போது ஊசிக்கு இருந்த தட்டுப்பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊருக்கு வந்ததே கொஞ்சம். விடியற்காலையிலேயே செருப்பைக் கழற்றி வரிசையில் போட்டு இடம் பிடித்தார்கள். வயதில் மூத்தவர் என்று முதல் டோக்கன் சித்தப்பாவுக்கு. நர்ஸ் மங்களாம்பிகை அவர் கையைப் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தார். அப்போதுதான் சித்தப்பா கேட்டார்:

"மோட்டார் கொட்டகையில நடவுக்கு வந்து தங்கியிருக்காங்களே வங்காளத்து ஆளுங்க, அவங்களுக்கு எப்பம்மா?"

"அவங்கள்லாம் நம்ம ஊர்க் கணக்குல வர மாட்டாங்க தாத்தா."

அவ்வளவுதான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கும் உண்டு என்று சொன்னால்தான் கையைக் காட்டுவாராம். பின்னால் வரிசை கத்தியது. "நமக்கே பத்தல, வடக்கத்தியானுக்கு எங்கேருந்து குடுக்குறது?" என்று ஒருவன். "பெருசு, எந்திரிச்சு வழி விடு" என்று இன்னொருவன். நான் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலை எனக்கு. கூட்டத்தில் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் வேறு நின்றார்கள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "சித்தப்பா, நாடகம் போடாதீங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை.

மங்களாம்பிகை பொறுமைசாலி. யார் யாருக்கோ போன் போட்டு, அடுத்த முகாமில் அவர்களையும் சேர்க்க வழி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சித்தப்பா கையை நீட்டினார். சொன்னபடி சேர்த்தும்விட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர் முகம் தெளிந்ததா என்றால், இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தலையைக் குனிந்தபடியே வந்தார்.

இனி அவர் கதை.

அறுபத்தேழில் உதயசூரியன் ஆட்சிக்கு வந்து மூன்றாவது சம்பா அறுவடை. எங்கள் ஊர் அரசூர்வெளி நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே இருக்கிறது. சுற்றிலும் நெல், நெல்லில் பெரும்பங்கு ஒரே பண்ணைக்கு. எங்கள் தாத்தா அந்தப் பண்ணையில் ஆள். அவருடைய மூத்த மகன் தங்கையன், அதாவது என் அப்பா, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர். இளைய மகன் ரெத்தினம் எங்கள் தெருவிலேயே முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பஞ்சாயத்து யூனியனில் வாக்சினேட்டர் ஆனவர். அம்மை குத்துவதும் காலரா ஊசி போடுவதும் வேலை. ஊரில் அவர் பெயர் ஊசிக்கார ரெத்தினம். காக்கி அரைக்கால் சட்டை, சைக்கிள், பின்னால் ஊசிப்பெட்டி. அவர் சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகள் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொள்ளும்.

அந்த வருஷம் காலரா நாகப்பட்டினம் பக்கம் கிளம்பி ஒவ்வொரு ஊராக மேற்கே ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் சுற்று வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். ஊர்ப் பெயர்களை வெள்ளைப் பெயிண்டில் எழுதி, எதிரே அன்றன்றைக்குப் புதிதாய் வாந்திபேதி கண்டவர் எத்தனை, ஊசி போட்டவர் எத்தனை என்று சாக்பீஸால் எழுதுவார்கள். ஒவ்வொரு ஊர் வாக்சினேட்டரும் சாயங்காலம் வந்து தன் ஊருக்கு நேரே தன் கையாலேயே எழுத வேண்டும். பலகையைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் வருவார்கள். எந்த ஊரில் எண் ஏறியது என்று பார்த்துவிட்டுத்தான் அந்த ஊருக்குப் பெண்ணைச் சீர் கொண்டு அனுப்பலாமா வேண்டாமா என்றுகூட முடிவெடுத்தார்கள்.

எண் ஏறினால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, டாக்டரும் சலைன் பாட்டிலும் ஜீப்பில் அந்த ஊருக்கு வந்து இறங்கும். இன்னொன்று, ஊர் அடைப்பு உத்தரவு வரும். வண்டி எதுவும் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. எந்த இடத்திலும் கூட்டம் கூடக் கூடாது.

அந்த உத்தரவைக் கண்டு பண்ணைக்கும் பயம், சங்கத்துக்கும் பயம். அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரை லிட்டர் நெல் கூடக் கேட்டு எங்கள் தெரு வயலில் இறங்காமல் நின்றது. பண்ணை இறங்கி வரவில்லை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து மேஸ்திரி ஒருவன் மூலமாக ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டத்தை அறுப்புக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் போலீஸ் காவல். வாய்க்கால் கரையில் கீற்றுக் கொட்டகை. எங்கள் தெரு ஆட்கள் அவர்களைக் கருங்காலிகள் என்றார்கள். அரிவாளோடு இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்ற நாட்கள் அவை. ஊர் அடைத்தால் பண்ணையின் நெல் மில்லுக்குப் போகாது. ஊர் அடைத்தால் அப்பாவின் கூட்டம் நடக்காது, வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப்போகும்.

வந்தவர்களுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள், வாய்க்காலில் ஓட்டம் இல்லை. மதகடியில் தேங்கியதுதான் மிச்சம். அதில்தான் மாடு குளித்தது. பண்ணை வீட்டுக் கிணற்றுப் பக்கம் அவர்களை யாரும் விடமாட்டார்கள். எங்கள் தெருவில் புதிதாகப் போட்ட அடிபம்பு ஒன்று இருந்தது, இளநீர் மாதிரித் தண்ணீர். கருங்காலிகளுக்கு அதில் சொட்டுக் கூடக் கிடையாது என்று சங்கம் முடிவு செய்து, பம்படியில் பெண்களை முறை வைத்துக் காவல் நிறுத்தியது. அந்த முடிவைச் சொன்னவர் என் அப்பா. நல்ல மனுஷர் என்று இன்றைக்கும் ஊர் சொல்லும். எங்களுக்கு இன்று சொந்தமாய் நிலம் இருப்பது அவர் போட்ட சண்டையால்தான். ஆனாலும் அந்த முடிவைச் சொன்னவர் அவர்தான்.

ஊசி மருந்து ஊர்த் தலைக்கணக்குப்படி வந்தது. சித்தப்பா எங்கள் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் போட்டு முடித்தார். புட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிச்ச மருந்தை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம், யாரையும் கேட்காமல், வாய்க்கால் கரைக் கொட்டகைக்குப் போனார். அது அவராகச் செய்த நல்ல காரியம். அதோடு நல்லது தீர்ந்தது.

எல்லோரும் வயலில் இருந்தார்கள். கொட்டகைக்குள் ஒரு ஆள் சுருண்டு கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது. கீழே அரிசி களைந்த தண்ணீராகக் கழிந்திருந்தது. இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டாம். பக்கத்தில் ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தாள். புதிதாய்க் கல்யாணமானவள், மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. பெயர் காத்தாயி. கிடந்தவன் அவளுடைய கணவனின் அண்ணன்.

"தண்ணி ஒத்துக்கலண்ணே, ரெண்டு நாளுல சரியாயிரும்னு மேஸ்திரி சொல்றாரு" என்றாள். பிறகு ஊசிப்பெட்டியைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் போடுவீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

போட்டிருக்கலாம். மருந்து கையில் இருந்தது, அடுப்பு இருந்தது, ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சித்தப்பாவுக்கு அண்ணன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சங்கத்தைக் கேட்காமல் கருங்காலிக்கு ஊசி போட்டால் தெரு என்ன சொல்லும்?

"நாளைக்கு வந்து போடுறேம்மா" என்றார்.

"சரிண்ணே" என்றாள் அவள். சிரித்தாளாம்.

காலரா ஊசியை அன்றைக்குப் போட்டால் அன்றைக்கே காப்பாற்றிவிடாது. இது சித்தப்பாவுக்கே தெரியும். பின்னால் நான் இதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "ஊசி காப்பாத்தாதும்மா, எண்ணு காப்பாத்தியிருக்கும்" என்றார். பலகையில் எண் ஏறியிருந்தால் சலைன் வந்திருக்கும்.

திரும்பும் வழியில், மதகுக் கட்டையில் பண்ணைக் காரியக்காரர் நடராசன் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவர் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனதே கிடையாது. அவரும் "டேய் ரெத்தினம்" என்பதைத் தவிர வேறு விதமாய்க் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு எழுந்து நின்றார்.

"வாங்க தம்பி. கொட்டாயிப் பக்கம் போயிட்டு வர்றீங்க போலருக்கு."

"ஆமாங்க. ஒரு ஆளுக்கு வாந்திபேதிங்க. காலரா மாதிரி தெரியுது."

"இருக்கட்டும், இருக்கட்டும். பாத்துக்கிடுவோம். ஆனா ஒண்ணு, அவங்க நம்ம ஊரு ஆளுங்க இல்லையே. நம்ம ஊர்க் கணக்குல அவங்கள எதுக்கு ஏத்தணும்? நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

சித்தப்பா சொல்லுவார்: "அந்த மரியாதையில எனக்கு உடம்பு குளுந்து போச்சும்மா. எங்கப்பன அடிச்ச ஆளு என்னய வாங்கன்னுட்டான்ல. ஒரு நிமிஷம் நெலத்துல காலு பாவல." இதைச் சொல்லும்போது அவர் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே அடித்துக்கொள்வார், சத்தம் கேட்கும்.

சரி, பண்ணை அப்படித்தான் சொல்லும், அண்ணன் என்ன சொல்லுவார் என்று சங்கக் கொட்டகைக்குப் போனார். பண்ணைக்காரன் வேண்டாம் என்றதை அண்ணன் செய் என்பார் என்று நம்பிக்கொண்டே போனாராம். அப்பா மறுநாள் கூட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

"கொட்டாயில காலரா வந்துருக்குண்ணே. பலகையில ஏத்தணும்."

"ஏத்துனா?"

"டாக்டர் வருவாரு."

"டாக்டர் மட்டுமா வருவாரு? கூட்டம் கூடக்கூடாதுன்னு உத்தரவும் வரும். நாளைக்கு எட்டு ஊர்ச் சனம் வருது தம்பி. நாளைய தேதி போச்சுன்னா நம்ம சனம் கும்பி காஞ்சி வயலுக்குத் திரும்பிடும். ஒன் சம்பளத்துல எல்லாத்துக்கும் கஞ்சி ஊத்துவியா?"

"ஆளு செத்துருவாண்ணே."

அப்பா தட்டியில் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். பிறகு, "அவங்க நம்ம ஊரு ஆளா?" என்றார்.

பண்ணையும் சங்கமும் அந்த வருஷம் ஒரே வார்த்தையைச் சொன்னது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சாயங்காலம் பலகைக்கு முன்னால் சித்தப்பா சாக்பீஸோடு நின்றார். டாக்டர் சின்ன வயசுக்காரர், பட்டணத்து ஆள், தூங்கி நாளாகியிருந்தது. "அரசூர்வெளி எப்படி? எல்லா இடமும் பாத்தாச்சா?" என்று கேட்டார். "பாத்தாச்சுங்க சார். ஊர்ல யாருக்கும் இல்லைங்க" என்றார் சித்தப்பா. பொய்யில்லை. ஊரில் யாருக்கும் இல்லைதான். அரசூர்வெளிக்கு நேரே ஒரு சைபர் போட்டார். சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் எண் ஏறியிருக்க, எங்கள் ஊர் மட்டும் சைபர். பலகை பார்க்க வந்தவர்கள் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் சங்கக் கூட்டம் திமுதிமுவென்று கூடியது. சித்தப்பா அங்கே போகாமல் கொட்டகைக்குப் போனார். முதல்நாள் கிடந்த ஆள் செத்துவிட்டிருந்தான். விடிந்ததும் கரையிலேயே புதைத்துவிட்டு மேஸ்திரி மற்றவர்களை வயலில் இறக்கியிருந்தான். இப்போது கிடந்தவள் காத்தாயி. அவள் கணவனைக்கூட வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த சட்டியில் அந்த மதகுத் தண்ணீர்தான், பச்சையாய்.

"தண்ணி" என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

சித்தப்பா கொட்டகையில் கிடந்த ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருப் பம்படிக்கு ஓடினார். வீட்டில் உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்றலாம், கொஞ்சம் தாங்கினால் டாக்டரைக் கூட்டி வரலாம் என்று எண்ணம். பம்படியில் அன்றைக்கு முறைக் காவல் நின்றவள் என் அம்மா. ஆமாம், அமிர்தம் என்கிற என் அம்மாதான். மற்றப் பெண்களும் சுற்றி நின்றார்கள். சித்தப்பா இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும் பம்படியில் நின்றது யார் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருந்தாள்.

அம்மா குடத்தைப் பார்த்தாள். அது எங்கள் தெருக் குடம் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"யாருக்குத் தம்பி?"

"ஒரு பொண்ணு கெடக்குது அண்ணி. சாகக் கெடக்குது."

"கொட்டாய்ப் பொண்ணா?"

"ஆமா."

"ஒங்கண்ணன் அங்க மேடையில நிக்கிறாரு. இங்க நான் தண்ணி புடிச்சுக் குடுத்தா அவரு மொகத்துல எப்புடி முழிப்பேன்? இவளுங்க எல்லாரும் என்னா பேசுவாளுங்க? போங்க தம்பி. போயி அண்ணனக் கேட்டுட்டு வாங்க, நானே புடிச்சித் தர்றேன்."

ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் அடிக்க சித்தப்பாவுக்குத் தெம்பில்லாமல் இல்லை. அம்மாவும் தடுத்திருக்க மாட்டாள். "இவரு பம்பு கட்டையில கைய வச்சிருந்தா நான் ஒதுங்கியிருப்பேன்டி, அந்த சாமி சத்தியமா ஒதுங்கியிருப்பேன்" என்றாள் என்னிடம். கை வைக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறந்தார். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாராம். அங்கே மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். டாக்டர் பலகையைக் காட்டி, "இந்த ஒரு ஊர்தான் சார் சுத்தம். இவர்தான் அந்த ஊர் வாக்சினேட்டர்" என்று சித்தப்பாவை முன்னால் தள்ளினார். அதிகாரி கை கொடுத்தார். எங்கள் தெருக்காரன் ஒருவனுக்கு அப்படிப்பட்ட ஆள் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. சித்தப்பா வாயைத் திறந்தார். "நன்றிங்க சார்" என்றுதான் வந்தது.

கம்பவுண்டரிடம் கெஞ்சி குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கொட்டகை காலி. செய்தி சுகாதார நிலையத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் நடராசன் மிச்சமிருந்தவர்களை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார். அறுப்பு அநேகமாய் முடிந்துவிட்டிருந்தது. கரையில் முந்தைய மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு புது மேடு. மண் ஈரம் காயவில்லை.

அதற்கப்புறம் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. பண்ணையின் நெல் மில்லுக்குப் போனது. கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய்ச் சமாதானப் பேச்சில் அரை லிட்டருக்கும் பண்ணை ஒப்புக்கொண்டது. காலரா அண்டாத ஊர் என்று எங்கள் ஊருக்குப் பாராட்டுப் பத்திரம். மேடையில் சித்தப்பாவுக்குத் துண்டு போர்த்தினார்கள். அப்பாவும் நடராசனும் ஒரே விழாவில், பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாளே சித்தப்பா டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னார். வேலை போகும், ஜெயிலுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனார். டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "இப்போ சொல்லி என்னய்யா பண்றது? பத்திரம் குடுத்தாச்சு. போய் வேலையைப் பாரு" என்றார். அடுத்து போலீஸிடம் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். அண்ணனிடம் சொன்னார்; அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டனை தருகிற ஆள் யாரும் அகப்படாமல்தான் அவர் பந்திக்குப் பந்தி சொல்ல ஆரம்பித்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது, அதுவும் ஒரு வெட்கம்தான்.

கொரோனா ஊசி முகாம் நடந்த அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் ராமாயிச் சித்தியிடம் வெடித்தேன். ஊரறியச் சொல்லித் தீர்த்தாயிற்று, போதாதா, இன்னும் எதை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் இப்படிச் சாகிறார் என்று கேட்டேன். சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னாள்.

சித்தியைக் கல்யாணம் செய்த புதிதில், காலரா வந்து மறுவருஷம், "வா, ஒரு ஊருக்குப் போயிட்டு வருவோம்" என்று கூட்டிப் போனாராம். கோயிலுக்கு என்று நினைத்து சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பஸ் மாறி, பஸ் மாறி, புதுக்கோட்டைச் சீமையில் செம்மண் காட்டுக்குள் நடந்து, விசாரித்து விசாரித்து ஒரு குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ஒரு அம்மாள் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். காத்தாயியின் தாய், நீலாம்பாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் சித்தப்பா போயிருக்கிறார். செருப்பால் அடித்தாலும் நீ குறுக்கே வராதே என்று வழியிலேயே சித்தியிடம் சொல்லியிருக்கிறார்.

"நான் அரசூர்வெளியிலேருந்து வர்றேம்மா. ஊசி போடுறவன். ஒங்க மக கொட்டாயில கெடந்தப்ப நான்..." என்று ஆரம்பித்தார்.

நீலாம்பாள் அவரை முடிக்க விடவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

"எம்மகளப் பாத்தீங்களா அய்யா? கடேசில நீங்க இருந்தீங்களா? மருமவன் பாவி வயல்ல நின்னேங்குறான். யாருமே இல்லாமத் தனியாக் கெடந்தாளோன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"இருந்தேம்மா."

"தண்ணி கேட்டாளா? சின்னப் புள்ளயிலேருந்து தாகம் மட்டும் தாங்க மாட்டா அய்யா. எந்திரிச்சு வந்து பானையில மொண்டு குடிச்சிட்டுப் படுப்பா. குடுத்தீங்களா?"

"நெசத்தச் சொல்லிருவாருன்னுதான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் சித்தி.

"குடுத்தேம்மா."

"வயிறு நெறயவா?"

"வயிறு நெறய."

நீலாம்பாள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "இந்தக் கை நல்லாருக்கணும், இந்தக் கை நல்லாருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றார்.